போராடி என்ன கிடைத்தது? அக்கா மகனுக்கு என்ன சொல்வது?

கடலோரத்தான்

ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி. 2011, 2012-ல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் போட்டிருந்த உண்ணாவிரதப் பந்தலில் என் அம்மா அநேகமாகத் தினமும் உட்கார்ந்திருந்தார். பீடித் தட்டையும் கையோடு கொண்டுபோய்விடுவார், கோஷம் போடும்போதுகூட விரல் இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும். 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரை மணலில் கண்ணீர்ப்புகைக் குண்டு விழுந்தபோது கண் எரிச்சல் தாங்காமல் கடலுக்குள் இறங்கி ஓடியவர்களில் நானும் ஒருவன். அடுத்த வருடமே கூடங்குளம் முதல் உலை ஓடத் தொடங்கிவிட்டது. இப்போது ஐந்து, ஆறு வரை வேலை நடக்கிறது.

எங்களுக்கு மிஞ்சியது வழக்குதான். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் போட்டார்கள், தேசத்துரோகப் பிரிவு உட்பட. என் அண்ணனுக்கு சவுதியில் வேலை கூடிவந்த நேரம், பாஸ்போர்ட் விசாரணையில் அந்த வழக்கு குறுக்கே வந்தது, வேலை போயே போய்விட்டது. அவன் இன்றைக்கும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இப்போது அக்கா மகன், கல்லூரி இரண்டாம் வருடம், ஊருக்குப் பக்கத்தில் வரப்போகிற கல்குவாரியை எதிர்த்து நாலு பையன்களைச் சேர்த்துக்கொண்டு அலைகிறான். "மாமா, நீங்களும் வாங்க" என்கிறான். போகாதேடா என்றுதான் வாயில் வருகிறது. இங்கே யாராவது போராடி உண்மையிலேயே எதையாவது மாற்றியிருக்கிறீர்களா?

மேலூர்க்காரி

மாற்றியிருக்கிறோம் அண்ணே. நான் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிக்குப் பக்கத்து ஊர். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்து இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்குப் போய்விட்டது என்று செய்தி வந்தது, 2,000 ஹெக்டேருக்கு மேல். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அரிட்டாபட்டியைப் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று தமிழக அரசு அறிவித்திருந்தது. பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயிலும் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தும் இருக்கிற மலை அது.

2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தபால் நிலையத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் போனோம். என் மாமியாருக்கு வழியில் செருப்பு அறுந்துவிட்டது. துண்டைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டு, திரும்பிப் போகலாம் என்ற பேச்சே இல்லாமல் நடந்தார். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று மத்திய அரசு அறிவித்தது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எங்களுக்கு முன்பே சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தது, கட்சிகள் எல்லாம் ஒரே பக்கம் நின்றன. அதோடு அங்கே சுரங்க வேலை ஆரம்பிக்கவே இல்லை. உங்கள் ஊரில் கோடி கோடியாகக் கொட்டி உலை முடிகிற நேரத்தில்தான் போராட்டம் பெரிதானது. அந்த நேரத்தில் எந்த அரசும் பின்வாங்காது.

கடலோரத்தான்

தங்கச்சி, ஆரம்பத்திலேயே எதிர்க்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் 1988. மறு வருடம் மே 1 அன்றே கன்னியாகுமரியில் மீனவர் பேரணி, அதில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. எங்கள் அப்பா போயிருந்தார். அன்றைக்கு எந்தக் கட்சி எங்களோடு நின்றது? அதனால்தான் எனக்கு இவ்வளவு கசப்பு.

முத்துநகர் டிரைவர்

நான் தூத்துக்குடி. ஜெயித்தோம் என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. 2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தின் நூறாவது நாள், கலெக்டர் ஆபீஸுக்குப் போன ஊர்வலம். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் போனார்கள். மே 28 அன்று ஸ்டெர்லைட்டுக்குப் பூட்டு. அந்த உயிர்களைக் கொடுக்காமல் அந்த உத்தரவு வந்திருக்குமா என்று கேட்டால், வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், அதை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தும் சுட்டதற்காக ஒருவர்கூட ஜெயிலுக்குப் போகவில்லை. ஆலை மூடியதில் எனக்கும் லோடு குறைந்து லாரியை விற்க வேண்டி வந்தது. ஆனாலும் மறுபடி திறக்கட்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

உங்கள் அக்கா மகனுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். பூட்டியதோடு கதை முடியவில்லை. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது, 2020-ல் சென்னை உயர் நீதிமன்றம், 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் வரை இழுத்தது. அங்கே தாமிரக் கசடு, நிலத்தடி நீர், ஆலையின் விதிமீறல் பற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருந்த கோப்பு, இதுதான் பேச்சு. அந்தக் கோப்புகள் சும்மா உருவாகவில்லை, 90-களிலிருந்து விடாமல் மனு கொடுத்த மக்கள் இருந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், ஒவ்வொரு மனுவின் நகலிலும் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வேட்டிப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார். அப்போது அவரைப் பார்த்துச் சிரித்தவன் நான். இப்போது வெட்கமாக இருக்கிறது.

வள்ளியூர் வாத்தியார்

தம்பி, உங்கள் அண்ணன் பட்டது அநியாயம். கூட்டத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் வழக்கு வந்தால் கோர்ட் வாசலிலும் கூட நிற்க வேண்டும், அதற்கு ஆள் இல்லாமல் பிள்ளைகளை முன்னால் தள்ளக் கூடாது என்பதில் நான் உங்கள் கட்சி.

ஆனால் பந்தலில் உட்கார்ந்தது வீண் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். 2013 மே 6 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் கூடங்குளம் உலை வேண்டாம் என்று சொல்லவில்லைதான். ஆனால் பாதுகாப்புக்கு 15 உத்தரவுகள் போட்டார்கள், அதில் போராடியவர்கள் மேலுள்ள வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பதும் ஒன்று. 2019-ல் அணுக்கழிவைச் சேமித்து வைப்பதற்கான கருத்துக்கேட்பை எதிர்ப்பினால் தள்ளிவைத்தார்கள். எதிர்த்தது யார்? அந்தப் பந்தலில் உட்கார்ந்து பழகிய அதே ஊர்கள்தான்.

கடலோரத்தான்

நேற்று ராத்திரி இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 15 உத்தரவு என்றதும் "மறுபடி படி" என்றார். அண்ணன் திண்ணையில் இருந்தான், ஒன்றும் சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை.

பையனிடம் பேசிவிட்டேன். குவாரிக்கு இன்னும் அனுமதி வரவில்லையாம், விண்ணப்பம்தான் போயிருக்கிறதாம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் கேட்கப் போகிறோம். அதற்கு முன்னால் திங்கட்கிழமை மனு நாளுக்கு நானும் அவனும் போகிறோம். முத்துநகர் அண்ணே, அந்தப் பெரியவர் எப்படி அடுக்கி வைத்திருந்தார், தேதிவாரியாகவா, அலுவலகம்வாரியாகவா? முடிந்தால் எழுதுங்கள்.