வெள்ளெழுத்து வந்தபின் சைக்கிள்: எந்தத் தூரத்துக்கு எந்தக் கண்ணாடி

வைகைக் கரையான்

போனைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிற வயசு மதுரையில் சைக்கிள் ஓட்டுற நம்மில் பாதிப் பேருக்கு வந்தாச்சு. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வயசாக ஆக இறுகிப்போகுது. பக்கத்துப் பொருளைப் பார்க்க அது உப்பிக் கொடுக்கணும், கொடுக்க மாட்டேங்குது, அதுதான் வெள்ளெழுத்து. இதைக் கேரட்டும் மாற்றாது, கண் பயிற்சியும் மாற்றாது. கண்ணாடி போட்டால் பவர் ஏறிடும்ங்கிறது புரளி. போட்டாலும் போடாவிட்டாலும் அறுபது வயசு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏறத்தான் செய்யும். அதனால் இந்தக் குழுவில் எழுதுறவங்க ‘மங்கலா இருக்கு’ன்னு நிறுத்தாதீங்க. என்ன வேலை, கண்ணிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், எந்தக் கண்ணாடி, எங்கே உதைக்குது என்று எழுதுங்க.

சிம்மக்கல் கண்ணாடிக்காரர்

கணக்கு சின்னது. 100-ஐ சென்டிமீட்டரால் வகுத்தால் தேவையான பவர். புத்தகம் 40 செ.மீ. என்றால் 2.50. ஹேண்டில்பாரில் இருக்கிற வேக மீட்டரோ போனோ 65 செ.மீ. என்றால் சுமார் 1.50. கண்ணு தன் பங்குக்கு ஒண்ணுமே கொடுக்காது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. நாற்பத்தைந்து வயசில் சொந்தக் கண்ணே பாதிக்கு மேல் சமாளிக்கும். படிக்க 1.00 அல்லது 1.25 போதும், ஹேண்டில்பாருக்கு ஒண்ணுமே வேண்டாம். அறுபதில்தான் கணக்கு முழுசாப் பொருந்தும். தூரப் பார்வைக்கு ஏற்கெனவே பவர் இருந்தால் அதோடு கூட்டிக்கணும். மைனஸ் 2 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினாலே 50 செ.மீ.இல் இருக்கிறது பளிச்சென்று தெரியும். அவருக்கு வெள்ளெழுத்து வந்ததே தாமதமாத்தான் தெரியும்.

பரிசோதனைக்குப் போகும்முன் சைக்கிளைச் சுவரில் சாய்த்து, வழக்கமா உட்கார்ற மாதிரி உட்கார்ந்து, டெய்லர் டேப்பால் கண் ஓரத்திலிருந்து மீட்டர் வரை இன்னொருத்தரை அளக்கச் சொல்லுங்க. அந்த எண்ணைச் சொன்னால்தான் சோதிக்கிறவருக்கு உபயோகம். ‘படிக்கக் கஷ்டமா இருக்கு’ன்னு மட்டும் சொன்னால் 40 செ.மீ.க்குத்தான் கொடுப்பாங்க. அதைப் போட்டுக்கிட்டு ஹேண்டில்பாரைப் பார்த்தால் கண்ணாடி இல்லாததைவிட மோசமாகவும் தெரியலாம்.

பிளாட்பாரத்தில் விற்கிற ரெடிமேட் கண்ணாடி கெடுதல் இல்லை. ஆனா ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான் இருக்கும், சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் மங்குறதைச் சரிசெய்றது) இருக்காது, கண்களுக்கு நடுவே உள்ள தூரமும் பொதுவா ஒரு அளவுதான். பஞ்சர் பார்க்கக் காமணி நேரம் போட்டுக்கலாம். மணிக்கணக்கில் படிச்சால் தலைவலி வரும்.

அழகர்கோவில் ரோடு

கண்ணாடிக்கார அண்ணே சொன்னதோட இதையும் சேர்த்துக்கணும். சைக்கிளில் முதல் வேலை மீட்டர் இல்லை, ரோடு. மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடிக்கு அஞ்சரை மீட்டர். மீட்டரைப் பார்த்து, கண்ணு திரும்ப ரோட்டுக்கு ஃபோகஸ் ஆக ஒரு நொடி எடுத்தால், அதுக்குள் ஸ்பீட் பிரேக்கர் மேலே ஏறியாச்சு.

நிமிர்ந்து உட்கார்ற சாதா சைக்கிளில் அஞ்சு மீட்டர் முன்னால் இருக்கிற குழியைத் தலை குனியாமல் பார்த்தால், பார்வை கண்மணிக்கு ஒரு 9 மில்லிமீட்டர் கீழே லென்ஸைக் கடக்கும். மேலிருந்து கீழே பவர் படிப்படியா ஏறுற புராகிரஸிவ் கண்ணாடியில் அங்கே பவர் ஏற ஆரம்பிச்சிருக்கும். அதனால் குழி கலங்கலாத் தெரியும், ஆழம் பிடிபடாது. பைஃபோகல் (மேலே தூரத்துக்கு, கோட்டுக்குக் கீழே படிக்க) என்றால் கோட்டில் படம் ஒரு குதி குதிக்கும். குழியை நேராப் பார்க்கணும்னா தாடையைத் தாழ்த்தி லென்ஸின் மேல் பாதி வழியாப் பாருங்க. பழக ஒரு வாரம் பிடிக்கும். திருப்பரங்குன்றம் மலைப் படியில் இறங்கும்போதும் இதே கதைதான். படி விளிம்பு சரியாத் தெரியாமல் கால் தவறுறது புதுசா பைஃபோகல் போட்டவங்களுக்கு அடிக்கடி நடக்கும்.

வளைஞ்ச ஹேண்டில்பாரில் குனிஞ்சு ஓட்டினால் எல்லாம் தலைகீழ். தலையை நிமிர்த்தி லென்ஸின் மேல் விளிம்பு வழியா ரோட்டைப் பார்ப்போம். அதுக்கு ஃப்ரேம் மேலே உயரமா இருக்கணும், இல்லாட்டி ஃப்ரேமுக்கு மேலேதான் பார்ப்போம். மீட்டர் லென்ஸின் அடிப்பகுதியில் விழும், அங்கே படிக்கிற பவர் முழுசா நிற்கும். 2.50 என்றால் 40 செ.மீ.க்குத்தான் தெளிவு, மீட்டரோ 65-இல்.

என் கருத்து: ஓட்டுறதுக்குன்னு தனியா ஒரு ஜோடி. தூரப் பவர் முழு லென்ஸிலும், அடியில் ஹேண்டில்பாருக்கான 1.25 அல்லது 1.50 மட்டும். பைஃபோகல் கோடு வழக்கமா கீழ் இமை ஓரத்தில் வைப்பாங்க; சைக்கிளுக்கு மூணு நாலு மில்லிமீட்டர் இறக்கி வைக்கச் சொல்லணும். லென்ஸ் பாலிகார்பனேட்டில், அதாவது லேசில் உடையாத பிளாஸ்டிக்கில். கல் தெறிச்சால் சாதாக் கண்ணாடி ஆபத்து.

சிம்மக்கல் கண்ணாடிக்காரர்

ஒத்துக்கிறேன். ஆனா எல்லாருக்கும் ரெண்டாவது ஜோடிக்குக் காசு போட வேண்டியதில்லை. ஐம்பதுக்குக் கீழே இருந்தால் போன் மாட்டுற ஸ்டாண்டை ஹேண்டில்பாருக்கு முன்னால் நீட்டுற மாதிரி மாத்துங்க, எட்டு பத்து சென்டிமீட்டர் தூரம் கிடைக்கும். திரையில் ஆறு எண்ணுக்குப் பதிலா ரெண்டு எண் மட்டும் வைங்க. மேப்பைப் பார்க்காமல் கேளுங்க, குரல் தமிழிலேயே வருது.

ஒத்தக்கடை பட்டறை

ஓட்டும்போது இல்லை, நிறுத்தின பிறகுதான் வெள்ளெழுத்து வேலையைக் காட்டும். நம்ம பக்கத்து எமன் சீமைக்கருவேல முள். நுனி டயருக்குள் ஒடிஞ்சு ரப்பரோட சமமா நின்னுடும், நிறமும் அதேதான். கண்ணால் தேடாதீங்க. டியூபைக் கழற்றும்முன் வால்வு டயரில் எந்த எழுத்துக்கு நேரா இருந்ததுன்னு பார்த்து, சாக்பீஸில் ஒரு கோடு போட்டு வைங்க. டியூபுக்குக் காத்தடிச்சு மேல் உதட்டுக்குப் பக்கத்தில் சுத்தினால் காத்து படுற இடம் தெரியும். வால்விலிருந்து அந்த ஓட்டை எவ்வளவு தூரமோ, டயரில் கோட்டிலிருந்து ரெண்டு பக்கமும் அவ்வளவு தூரத்தில் தேடினால் போதும். டயரின் உள்பக்கம் பஞ்சை ஒரு தடவை இந்தப் பக்கமும் ஒரு தடவை அந்தப் பக்கமும் இழுங்க, முள் இருக்கிற இடத்தில் நூல் மாட்டும். விரலை ஓட்டினால் விரல்தான் கிழியும். முள் நுனியை உள்ளேயிருந்து இடுக்கியால் இழுக்கணும். வராட்டி வெளியிலிருந்து ஊசியால் உள்ளே தள்ளுங்க.

பேட்ச் ஒட்டும்போது சொல்யூஷன் பளபளப்பு போகிற வரை காத்திருக்கணும். வெள்ளெழுத்துக்காரருக்கு அந்தப் பளபளப்பு தெரியாது, ஈரத்திலேயே ஒட்டிடுவார், அடுத்த ஊருக்குள் உரிஞ்சுடும். கடிகாரத்தைப் பார்த்து அஞ்சு நிமிஷம் விடுங்க.

டயர் பக்கவாட்டில் காத்து அளவு கறுப்பில் கறுப்பா எழுதியிருக்கும். 35-ஐ 85-ன்னு படிக்கிறவங்க உண்டு. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துக்கு நிழல் விழும், படிக்கலாம். ஒரே தடவை படிச்சு வெள்ளை பெயிண்ட் பேனாவால் ரிம்மில் எழுதி வச்சுடுங்க. பின் கியர் மாத்தியில் ‘எச்’, ‘எல்’ என்று ரெண்டு ஸ்குரூ இருக்கும், எழுத்து கடுகளவு. ‘எல்’லுக்குச் சிவப்பு நெயில் பாலிஷ், ‘எச்’சுக்கு நீலம். சிவப்பைத் தளர்த்தினால் செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டிக் கம்பிக்குள் விழும், அதனால் சிவப்பைத் தொடும்முன் ரெண்டு தரம் யோசிங்க. ஆலன் கீ 4, 5, 6-க்கும் ஆளுக்கொரு நிறம்.

தெற்குமாசி வீட்டுக்காரி

சைக்கிள்காரங்க மட்டுமே பேசினால் எப்படி? சுங்குடிக்கு முடிச்சுப் போடுறவங்க கண்ணுக்கும் துணிக்கும் 30 செ.மீ.தான் இருக்கும், பவர் 3.25 வரை கேட்கும். மல்லி கட்டுறவங்களுக்கும் ஏறக்குறைய அதே தூரம். ‘படிக்கிற கண்ணாடி’ன்னு 2.00 வாங்கிக் கொடுத்துட்டு, அம்மா ஏன் போட மாட்டேங்கறாங்கன்னு கேட்கிறதில் நியாயமில்லை. மடியில் வேலையை வைத்துத்தான் அளக்கணும். அஸ்ஸாமில் தேயிலை பறிக்கிறவங்களுக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்து 2018-இல் வெளியான ஆய்வில், பறிக்கிற எடையே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது.

வீட்டில் பவரைவிட வெளிச்சம் முக்கியம். வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கும், சுருங்கினால் தெளிவாத் தெரியிற எல்லை கிட்டத்திலும் தூரத்திலும் கொஞ்சம் விரியும். மத்தியானம் படிக்க முடிஞ்ச மாத்திரை அட்டையை ராத்திரி படிக்க முடியாததுக்கு இதுதான் காரணம். அட்டையில் தேதியை மை இல்லாமல் குத்தி வச்சிருந்தால், பட்டறைக்காரர் சொன்ன சாய்வு டார்ச்சேதான் வழி. இல்லாட்டி போனில் போட்டோ எடுத்துப் பெருசாக்குங்க. மீன் சாப்பிடுற இடத்துக்கு நேர் மேலே ஒரு பல்பு போட்டுக்கிட்டால் முள் தெரியும்.

மேலூர் பயணி

ரெண்டு எச்சரிக்கை. சர்க்கரை ஏறி இறங்கினால் கண் பவரும் ஆடும். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரம் நிலைச்ச பிறகு கண்ணாடி எழுதுங்க, இல்லாட்டி காசு தண்டம். அறுபதுக்கு மேல் திடீர்னு கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடிஞ்சால் சந்தோஷப்படாதீங்க, அது பெரும்பாலும் கண்புரை ஆரம்பம். தூரம் மங்கும், எதிர் லைட் சிதறும். 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கின ஊர் இது. கண் அழுத்தமும் விழித்திரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிப் போங்க, பவர் மட்டும் எழுதி வாங்கிட்டு வராதீங்க.

வெள்ளெழுத்துக்குச் சொட்டு மருந்துன்னு பேச்சு வருதே, அதில் பெரும்பாலும் இருப்பது பைலோகார்பைன் என்கிற மருந்து. கண்மணியைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் படிக்க விடும். இருட்டில் உலகம் இன்னும் மங்கும். விடியுமுன் கிளம்புறவங்களுக்கு ஆகாது.

அழகர்கோவில் ரோடு

போலரைஸ்டு (எதிரொளிக் கூச்சத்தைக் குறைக்கிற) கூலிங் கிளாஸ் வாங்கும்முன் போன் திரையை அதன் வழியா நேராவும் படுக்கையாவும் பாருங்க. சில திரை ஒரு கோணத்தில் முழுக்கக் கறுத்துடும். வெயிலில் தானாக் கறுக்கிற லென்ஸ் நம்ம ஊர்ச் சூட்டில் குளிர்ப்பிரதேசம் அளவுக்குக் கறுக்காது. புழுதி படிஞ்ச லென்ஸை வேட்டி நுனியால் துடைக்காதீங்க, தண்ணி ஊத்திக் கழுவின பிறகுதான் துணி. கீறல் விழுந்த லென்ஸில் ராத்திரி எதிர் லைட் விசிறி மாதிரி விரியும்.

வைகைக் கரையான்

மடக்குக் கண்ணாடியை எங்கே வைக்கிறதுன்னு யோசிக்கிறவங்களுக்கு: சீட் பைக்குள் டயர் லீவரோட போட்டால் ஒரே மாசத்தில் கீறிடும். கெட்டியான டப்பாவில், ஹேண்டில்பார் பையில். ஹெல்மெட் போட்டிருந்தால் காதுக் கம்பி வாருக்கு வெளியே வரட்டும். உள்ளே சிக்கினால் கண்ணாடியைக் கழற்ற ஹெல்மெட்டையும் கழற்றணும்.