டிஎஸ்எச் அதிகம், ஃப்ரீ டி4 நார்மல்: டோஸ் ஏத்தணுமா?

மாம்பலம் மகள்:
அம்மாவுக்கு வயசு 56, ஹைப்போதைராய்டு (தைராய்டு சுரப்பு குறைவு). 50 மைக்ரோகிராமா இருந்த தைராக்சின் மாத்திரையை டாக்டர் 75 ஆக்கி மூணு வாரம் ஆச்சு. நேத்து ரிப்போர்ட் வந்தது: தைராய்டைத் தூண்டுற ஹார்மோனான டிஎஸ்எச் 8.4 (நார்மல் 0.4–4.2; தைராய்டு ஹார்மோன் பத்தலைன்னா இது ஏறும்), ரத்தத்துல இருக்கிற தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 1.7 (நார்மல் 0.8–1.8). ஒண்ணு மருந்து பத்தலைங்குது, இன்னொண்ணு தாராளம்ங்குது. தினமும் 6 மணிக்கு மாத்திரை, 6.15க்கு ஃபில்டர் காபி, 8 மணிக்கு டிபன், கூடவே கால்சியம். டெஸ்ட் அன்னிக்கும் மாத்திரை போட்டுட்டுத்தான் 8.30க்கு ரத்தம் கொடுத்தாங்க. 100 ஆக்கிடலாமான்னு கேட்கிறாங்க.

லேப் மேசை:
அவசரப்படாதீங்க. ரெண்டு எண்ணும் வேற வேற காலத்தைப் பேசுது. இந்த மருந்து ரத்தத்துல பாதியா குறைய ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால டோஸ் மாத்தினா அளவு நிலைப்பட 5, 6 வாரம் வேணும். டிஎஸ்எச்சைச் சுரக்கிற, மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி அதைப் பார்த்துத்தான் டிஎஸ்எச்சைக் குறைக்கும். மூணாவது வாரத்து டிஎஸ்எச் பாதி வழியில இருக்கிற எண், அதை வெச்சு டோஸ் முடிவு பண்ணக் கூடாது.

ஃப்ரீ டி4 கதை வேற. மாத்திரை போட்ட 2 முதல் 4 மணி நேரத்துல அது உச்சத்துக்குப் போகும். அம்மாவுக்கு ரத்தம் எடுத்தது சரியா அந்த நேரத்துல, அதனால 1.7 கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும். அடுத்த தடவை மாத்திரையைக் கைப்பையில எடுத்துட்டுப் போய், ரத்தம் கொடுத்த பிறகு போடச் சொல்லுங்க. அதே லேப், அதே காலை நேரம். டிஎஸ்எச் விடியற்காலையில கூடும், மதியத்துக்கு மேல இறங்கும்.

மருந்துக்கடை:
எனக்கு உறுத்துறது அந்தக் காபிதான். கால் மணி நேரத்துல குடிச்சா மருந்து குடல்ல சரியா ஏறாது. தண்ணியோட மட்டும் போட்டு, காபிக்கு ஒரு மணி நேரம் விடுங்க. கால்சியம் மருந்தைப் பிடிச்சு வெச்சுக்கும், 4 மணி நேர இடைவெளி வேணும். மதியச் சாப்பாட்டோட மாத்திடுங்க. இரும்புச்சத்து மாத்திரை, அசிடிட்டி சிரப் எல்லாத்துக்கும் இதே கணக்கு. டப்பாவை அடுப்பு மேடையிலயோ வெயில் படுற ஜன்னல்லயோ வைக்காதீங்க, சூடும் ஈரமும் இந்த மாத்திரைக்கு ஆகாது. கத்திரி வெயில்ல ரொம்பக் கவனம். ஒரே பிராண்டா வாங்குங்க.

முக்கியமா, காபியையும் கால்சியத்தையும் சரி பண்ணினாலே அதே 75 கூடுதலா வேலை செய்யும். அதோட சேர்த்து 100 ஆக்கினா டிஎஸ்எச் தரையைத் தொட்டுடும். மாதவிலக்கு நின்ன வயசுல அது எலும்பைக் கரைக்கும், இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். ஒரு சமயத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க.

மாம்பலம் மகள்:
நன்றிங்க. டோஸ் ஏத்தறதுக்கு முன்னாடி டிஎஸ்எச் 14. முடி கொட்டுதுன்னு அதுக்கப்புறம் பயோட்டின்ங்கிற விட்டமின் மாத்திரை 10 மில்லிகிராம் ஆரம்பிச்சாங்க, சொல்ல விட்டுப்போச்சு.

லேப் மேசை:
அதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும். பல லேப் மெஷின்கள் பயோட்டினைப் பிடிப்பானா வெச்சுத்தான் அளக்குது. மாத்திரையில வர பயோட்டின் குறுக்கே நின்னா டிஎஸ்எச் நிஜத்தைவிடக் குறைவாவும், ஃப்ரீ டி4 அதிகமாவும் காட்டும். அப்போ 14லிருந்து 8.4க்கு இறங்கினது எவ்வளவு மருந்தால, எவ்வளவு பயோட்டினாலன்னு பிரிக்கவே முடியாது. இந்த ரிப்போர்ட்டை வெச்சு எதையும் முடிவு பண்ண வேண்டாம்.

75ஐ நிறுத்தாம, காபி, கால்சியம் நேரத்தை இன்னிக்கே மாத்தி, அதிலிருந்து 6 வாரம் எண்ணுங்க. டெஸ்ட்டுக்கு 3 நாள் முன்னாடி பயோட்டினை நிறுத்துங்க. டிஎஸ்எச், ஃப்ரீ டி4 ரெண்டு போதும், பெரிய பேக்கேஜ் தேவையில்லை. படபடப்பு, மூச்சுத்திணறல், அளவுக்கு மீறின தூக்கம் வந்தா மட்டும் 6 வாரம் காத்திருக்காம டாக்டர்கிட்ட போயிடுங்க. நேரம் மாத்தினது, பயோட்டின் ரெண்டையும் இப்பவே அவர்கிட்ட ஃபோன்ல சொல்லிடுங்க. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிறவங்ககிட்ட, கடைசியா மாத்திரை போட்ட நேரத்தைச் சீட்டுல எழுதச் சொல்லுங்க.