அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு: பயிற்சியாளர் வேலையிலிருந்து நிர்வாகத்துக்கு எப்படிப் போவது?

மல்லிகா_ஆர்:
டிவிஷன் 3 (விளையாட்டு உதவித்தொகை தராத பிரிவு) கல்லூரியில் பெண்கள் வாலிபால் துணைப் பயிற்சியாளரா இருக்கேன். அத்லெட்டிக் டைரக்டர், அதாவது கல்லூரி விளையாட்டுத் துறைத் தலைவர் ஆகணும்னு எண்ணம். இப்போ 'சீனியர் வுமன் அட்மினிஸ்ட்ரேட்டர்' பொறுப்பையும் சேர்த்துத் தர்றதா சொல்றாங்க. எடுத்துக்கலாமா, இல்ல முதல்ல தலைமைப் பயிற்சியாளர் ஆகணுமா?

கோர்ட்_ஓரம்:
எடுத்துக்கங்க. ஆனா வெறும் பேரா வாங்கிக்காதீங்க.

1972-ல, கல்வியில பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிற டைட்டில் 9 சட்டம் வந்த பிறகு பல கல்லூரிகள் ஆண், பெண் விளையாட்டுத் துறைகளை ஒண்ணா இணைச்சாங்க. மேலே ஆண் டைரக்டர் உட்கார்ந்தார், பெண்கள் துறையை நடத்தினவங்க துணைப் பதவிக்கு இறங்கினாங்க. நிர்வாகத்துல பெண் குரல் இருக்கட்டும்னுதான் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 1981-ல இந்தப் பொறுப்பைக் கொண்டுவந்தது. துறை நிர்வாகத்துல இருக்கிற பெண்கள்ல மூத்தவர்னுதான் இதுக்கு அர்த்தம். பெண்கள் அணியை மட்டும் பார்த்துக்கணும்னு எந்த விதியும் கிடையாது. நடைமுறையில விருது விழா, கமிட்டிக் கூட்டம்னு சுருக்கிடுறாங்க, அங்கேதான் பலருடைய வளர்ச்சி நின்னுபோகுது.

டைரக்டர் தேர்வுல கேட்கிறது வேற: எவ்வளவு பட்ஜெட் பார்த்தீங்க, எந்த ஆண்கள் அணி உங்க பொறுப்புல இருந்தது, எத்தனை பயிற்சியாளர்களை எடுத்தீங்க, நன்கொடை திரட்டினீங்களா. அதனால வேலை விவரத்துல எழுதி வாங்குங்க: ஒரு ஆண்கள் அணியாவது மேற்பார்வைக்கு, அந்தப் பயிற்சியாளரோட ஆண்டு மதிப்பீடு, செலவுக்குக் கையெழுத்து அதிகாரம், பட்ஜெட் முடிவாகிற கூட்டத்துல இடம். வாய் வார்த்தை, டைரக்டர் மாறினா போச்சு.

எண்_கணக்கு:
தலைமைப் பயிற்சியாளர் ஆகித்தான் போகணும்னு இல்லை. கம்ப்ளையன்ஸ், அதாவது விதிகளைச் சரியாப் பின்பற்றுறாங்களான்னு பார்க்கிற பிரிவு வழியாவும் போகலாம். அதுல விதிமுறை கைவசமாகும்; ஆனா ஒரு அணியை நடத்தின அனுபவம் இருந்தா பயிற்சியாளர்கள் உங்க பேச்சைக் கேட்பாங்க.

உடனே செய்யவேண்டியது, உங்க கல்லூரியோட ஈ.ஏ.டி.ஏ. அறிக்கையை (ஆண், பெண் விளையாட்டுச் சமத்துவம் பத்திக் கல்லூரி வருஷா வருஷம் தர்ற அறிக்கை) எடுத்துப் படிங்க. அமெரிக்கக் கல்வித்துறை இணையதளத்துல யார் வேணா பார்க்கலாம். ஆண், பெண் அணிகளுக்கான செலவு, ரெக்ரூட்டிங் (ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்க்கிற) தொகை, பயிற்சியாளர் சராசரிச் சம்பளம் எல்லாம் இருக்கும். ஒண்ணு மட்டும் கவனம்: பெண்கள் அணியோட பயிற்சி ஆடுற ஆண்களையும் அதுல பெண்கள் பங்கேற்புக் கணக்குல சேர்ப்பாங்க. டைட்டில் 9 கணக்குல அவங்களுக்கு இடமில்லை. இந்த எண்ணை அப்படியே தூக்கிக் காட்டினா நேர்காணல்ல மாட்டிக்குவீங்க.

மல்லிகா_ஆர்:
அந்த அறிக்கை தயாரிக்கிற வேலையும் எனக்கே வரும் போல. சமாளிக்க முடியுமா?

கோர்ட்_ஓரம்:
கெடு அக்டோபர் 15, அதாவது வாலிபால் சீசன் நடுவுல. ஆட்டக்காரர் பட்டியலை ஒவ்வொரு அணியோட முதல் போட்டி அன்னிக்கே பூட்டி வைங்க. நிதிக் கணக்கு முடிஞ்ச ஆண்டுக்கானதுதான், அதைக் கோடையிலேயே கணக்குப் பிரிவுகிட்ட வாங்கிடுங்க. கூடவே, சீசன்ல பயிற்சி அட்டவணையில ஒரு பகுதியை வேற துணைப் பயிற்சியாளர் பார்த்துக்கணும்னு இப்பவே கேளுங்க. பழைய வேலை குறையாம புது வேலை சேர்ந்தா ரெண்டும் கெடும்.