இரவு நேர மீட்டிங் கால், சின்னக் குழந்தை: அம்மாக்களுக்கு ஒத்துவரும் கம்பெனியை வெளியிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?

வாலுப்பையன்_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். சென்னை ஓஎம்ஆரில் ஒரு பெரிய ஐடி சர்வீசஸ் கம்பெனியில் டெலிவரி மேனேஜராக இருக்கிறேன். பையனுக்கு இரண்டரை வயது. கிளையன்ட் அமெரிக்கா, அதிலும் வெஸ்ட் கோஸ்ட், அதனால் எங்கள் வேலை சூடு பிடிப்பதே இரவு எட்டரைக்கு மேல்தான். அவனுக்குச் சோறு ஊட்டும் நேரமும் ஸ்டேட்டஸ் கால் நேரமும் ஒன்று. ஒரு கையில் ரசஞ்சாதம், காதில் ஹெட்செட். போன மாதம் நான் பேச மியூட் எடுத்த நொடியில் அவன் "அம்மா ஆய்" என்று கத்த, அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள், அவர்களுக்குப் புரியாவிட்டாலும். அது பரவாயில்லை. அடுத்து வந்த அப்ரைசலில் "மாலை நேரத்தில் கவனம் சிதறுகிறது" என்று ஒரு வரி இருந்தது பாருங்கள், அதுதான் உறைத்தது.

பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார், அவருக்கும் முட்டி வலி. கணவரும் ஐடிதான், அவரை யாரும் இப்படி ஒரு வரி எழுதுவதில்லை. வேலையை விடும் எண்ணம் இல்லை. வீட்டுக்கடன் ஓடுகிறது, அதைவிட எனக்கு இந்த வேலை பிடிக்கும். கம்பெனி மாறலாம் என்று பார்த்தால், எல்லோருடைய வெப்சைட்டிலும் லேப்டாப்போடும் குழந்தையோடும் சிரிக்கிற ஒரு அம்மா இருக்கிறார். உள்ளே நிலைமை எப்படி என்று சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? இன்டர்வியூவில் குழந்தை இருப்பதைச் சொல்லலாமா? வேலையை விட நோட்டீஸ் 90 நாள், அதனால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்ற கதையெல்லாம் நடக்காது.

முன்னாள்_எச்ஆர்:

வெப்சைட்டை மூடிவிட்டு ஆண்டறிக்கையைத் திறங்கள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டு, சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருக்கும் கம்பெனிகள் 2022-23 நிதியாண்டிலிருந்து பிஆர்எஸ்ஆர் என்ற சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அதில் மூன்றாவது கோட்பாடு (Principle 3) என்ற பகுதி ஊழியர் நலன் பற்றியது. பேரன்டல் லீவில் போனவர்களில் எத்தனை சதவீதம் பேர் திரும்பி வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்தும் அங்கேயே இருக்கிறார்கள் என்று ஆண், பெண் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். முதல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், லீவ் முடிந்ததும் பெரும்பாலும் எல்லோரும் ஒருமுறை வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். இரண்டாவது எண்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆண்கள் தங்கி, பெண்கள் மட்டும் குறைந்துகொண்டே போனால் அங்கே என்னவோ சரியில்லை. ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் இரண்டு மூன்று வருட அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், "எங்களிடம் க்ரெஷ் (குழந்தைக் காப்பகம்) இருக்கிறது" என்று பெருமையடித்தால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் க்ரெஷ் வசதி வேண்டும் என்பது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த விதி, 26 வாரச் சம்பள மகப்பேறு லீவும் அதில் வந்ததுதான். ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்க அம்மாவுக்கு அனுமதி உண்டு. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: க்ரெஷ் இதே கேம்பஸிலா, அல்லது ஏதோ ஒரு டே கேரோடு டை-அப்பா, ஃபீஸ் யார் கட்டுகிறார்கள், எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துகிறார்கள். சாயங்காலம் ஆறரைக்கு மூடும் க்ரெஷை வைத்துக்கொண்டு எட்டரை மணி காலுக்கு என்ன செய்வது? லீவுக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று அதே சட்டம் சொல்கிறது, ஆனால் வேலை அதற்கு ஏற்றதாக இருந்து கம்பெனியும் ஒத்துக்கொண்டால்தான். வாய்வார்த்தையாக விட்டுவிடாமல் மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறுசேரி_சிவகாமி:

எச்ஆர் அக்கா சொன்னது நல்ல விஷயம், ஆனால் அந்த எண் கம்பெனி முழுக்கச் சேர்த்துப் போட்டது. லட்சக்கணக்கில் ஆள் இருக்கும் கம்பெனியில் ஒரு ப்ராஜெக்ட் சொர்க்கம், பக்கத்து ஃப்ளோர் நரகம். அதுபோக வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே வைத்திருக்கும் சொந்த மையங்களான ஜிசிசி எல்லாம் பெரும்பாலும் பிரைவேட் லிமிடெட், அவர்கள் இந்த அறிக்கையைப் போட வேண்டியதே இல்லை.

என்னைக் கேட்டால் முதலில் கிளையன்டின் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வெஸ்ட் கோஸ்டில் காலை எட்டு மணி என்றால் நமக்கு இரவு எட்டரை, அவர்களுக்குக் குளிர்காலம் வந்தால் ஒன்பதரை. எவ்வளவு தங்கமான மேனேஜர் வந்தாலும் பூமி சுற்றுவதை மாற்ற முடியாது. ஜெர்மனியில் காலை ஒன்பது நமக்குப் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை, ஆறரை மணிக்குள் சேர்ந்து பேச வேண்டியதையெல்லாம் பேசிவிடலாம். சிங்கப்பூர் என்றால் விடியற்காலை ஆறரைக்கே ஆரம்பம், ஆனால் சாயங்காலம் உங்களுடையது. நான் ஐரோப்பிய கிளையன்டின் அக்கவுண்டுக்கு மாறினேன், கம்பெனிகூட மாறவில்லை. இப்போது என் மகளுக்கு நான்தான் கதை சொல்லித் தூங்க வைக்கிறேன். நீங்களும் உள்ளேயே ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.

கிண்டி_பாரதி:

இன்டர்வியூ கேள்விக்கு வருகிறேன். ஆஃபர் கைக்கு வரும்வரை குழந்தை பற்றி நீங்களாக வாய் திறக்க வேண்டாம். கேள்வியை மட்டும் கேளுங்கள், அதுவும் சுற்றி வளைக்காமல். "இங்கே ஒர்க் லைஃப் பேலன்ஸ் எப்படி?" என்றால் எல்லோரும் "சூப்பர்" என்பார்கள். "போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இந்த டீம் எத்தனை நாள் காலில் இருந்தது?" என்று கேட்டால் எண் சொல்லியாக வேண்டும். "டீமில் கடைசியாக மெட்டர்னிட்டி லீவ் போய் வந்தவர் இப்போது என்ன ரோலில் இருக்கிறார்? அவரிடம் பத்து நிமிடம் பேசலாமா?" என்றும் கேளுங்கள். யோசிக்காமல் பெயர் சொன்னால் நல்லது. "அப்படி யாரும் இப்போது டீமில் இல்லை" என்று வந்தால் அதுவும் பதில்தான்.

வேளச்சேரி_காயத்ரி:

பாரதி சொல்வதில் பாதிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் முதல் ரவுண்டிலேயே சொல்லிவிடுவேன்: இரண்டு குழந்தைகள், ஏழிலிருந்து ஒன்பது வரை கிடைக்க மாட்டேன், அதற்குப் பிறகு அவசரம் என்றால் வருவேன். அதைக் கேட்டு முகம் சுளிப்பவரிடம் வேலைக்குச் சேர்ந்து என்ன ஆகப் போகிறது? இரண்டு இடத்தில் அப்புறம் சத்தமே இல்லை, மூன்றாவது இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒன்று, கையில் ஒரு வேலை இருக்கும்போதுதான் இந்தத் தைரியம் வரும். வேலை இல்லாமல் தேடுபவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

மறுபடி_வந்தவள்:

கேள்வி கேட்டவருக்கு இது தேவைப்படாது, இடைவெளி விட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக. அப்படிப்பட்ட பெண்களை மறுபடி வேலைக்குக் கொண்டுவர ஸோஹோ கம்பெனியில் "மறுபடி" என்றே பெயர் வைத்து ஒரு திட்டம் இருக்கிறது, டாடா குழுமம் 2008லேயே எஸ்சிஐபி என்று அதேபோல ஒன்றை ஆரம்பித்தது. சென்னையில் இருக்கும் அவதார் நிறுவனம் வருடாவருடம் பெண்களுக்கான சிறந்த கம்பெனிகள் என்று பட்டியல் போடுகிறது. கம்பெனிகள் தாங்களே விண்ணப்பித்துக் கலந்துகொள்ளும் பட்டியல் அது, அதனால் தேடலைத் தொடங்க வைத்துக்கொள்ளலாம், அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடையாறு_அப்பா:

ஆண் குரல் ஒன்று, மன்னிக்கவும். உங்கள் கணவருக்கு இரவு கால் இல்லை என்றால் அந்த ரசஞ்சாதத்தை ஏன் அவர் ஊட்டக்கூடாது?

வாலுப்பையன்_அம்மா:

அடையாறு அப்பா, உங்கள் பதிலை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். "வாரத்தில் மூன்று நாள் நான்" என்று பதில் வந்திருக்கிறது, பார்ப்போம்.

எச்ஆர் அக்கா, எங்கள் கம்பெனி அறிக்கையையே எடுத்துப் பார்த்தேன். திரும்பி வந்தவர்கள் ஆண், பெண் இருபக்கமும் கிட்டத்தட்ட ஒன்று. ஒரு வருடம் கழித்து என்று வரும்போது பெண்கள் வரிசை நன்றாகவே இறங்குகிறது. சிவகாமி சொன்னபடி ஐரோப்பிய அக்கவுண்ட் பற்றி, ஆட்களை ப்ராஜெக்ட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆர்எம்ஜி டீமுக்கு மெயில் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை வெளியில் ஒரு ஜிசிசி இன்டர்வியூ, அந்த ஒன்பது மணிக் கேள்வியைக் கேட்கத்தான் போகிறேன். 90 நாள் நோட்டீஸுக்கு அவர்கள் காத்திருப்பார்களா என்பதுதான் கவலை.

கிண்டி_பாரதி:

பை-அவுட், அதாவது நோட்டீஸ் நாட்களுக்குப் பதிலாகக் கட்ட வேண்டிய பணம், தருவார்களா என்று இன்டர்வியூ முடிந்ததும் ரெக்ரூட்டரிடம் கேளுங்கள், மேனேஜரிடம் வேண்டாம். உங்கள் பக்கம் மிச்சமிருக்கும் லீவை நோட்டீஸில் கழிக்க விடுவார்களா என்று இப்போதைய கம்பெனியின் ஆஃபர் லெட்டரை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.