லைப்ரரிக்கு போறவங்க இப்ப எதுக்கு போறீங்க? நெஜமாவே தெரியாமத்தான் கேக்குறேன்

டெல்டாக்காரன் (கேள்வி)

டெல்டா பக்கம் ஒரு சின்ன டவுன், ஐடி வேலை, மூணு வருஷமா வீட்லருந்துதான். போன வாரம் பக்கத்து வீட்ல டைல்ஸ் ஒடைச்சு மாத்துறாங்கன்னு காலைலருந்து ஒரே ட்ரில்லிங் சத்தம், மண்டை காஞ்சு போயி லேப்டாப்பை தூக்கிட்டு ரெண்டு தெரு தள்ளி இருக்க கிளை நூலகத்துக்கு போயிட்டேன். பிளஸ்டூ படிக்கறப்ப போனது, அதுக்கப்புறம் அந்த பக்கமே எட்டிப் பாக்கல. எல்லாம் போன்லயே கெடைக்கறப்ப எவன் வரப்போறான், ஈ ஓட்டிட்டு இருப்பாங்கன்னு நெனச்சுதான் போனேன்.

உக்கார எடம் இல்லங்க. ஹால்ல முப்பது பேர் இருப்பாங்க, ஆனா ஒருத்தர் கையில கூட லைப்ரரி புக் இல்ல! சுவத்துல இருக்க ஒரே ப்ளக் பாயிண்ட்ல ஜங்ஷன் பாக்ஸ் மாட்டி நாலு போன் சார்ஜ் ஏறிட்டு இருக்கு. பொண்ணுங்க நாலஞ்சு பேர் ஆறாவது சமூக அறிவியல் புத்தகத்தை மனப்பாடம் பண்ணிட்டு இருக்காங்க, கழுதை வயசுல ஆறாவது புக்கான்னு பாத்தா அப்பறம்தான் புரிஞ்சுது டிஎன்பிஎஸ்சின்னு. ஜன்னலோரம் நாலு பெரியவங்க ஒரே பேப்பரை தாள் தாளா பிரிச்சு வச்சுக்கிட்டு, முடிஞ்சுதான்னு கண்ணாலேயே கேட்டு மாத்திக்கறாங்க. ரேக் பக்கம் போனது நான் ஒருத்தன்தான். சும்மா ஒரு புக்கை எடுத்து உள்ள ஒட்டிருக்க தேதி சீட்டை பாத்தா கடைசி முத்திரை 2009.

அப்ப இது என்ன கணக்கு? புக் படிக்காத லைப்ரரி எதுக்கு, இல்ல நான்தான் தப்பா பாக்குறேனா? இங்க யாராவது ரெகுலரா போறீங்கன்னா என்ன பண்ணுவீங்கன்னு சொல்லுங்க. இன்னொன்னு, பொண்ணு நாலாவது படிக்கறா, அவளுக்கு மெம்பர்ஷிப் போடலாமா இல்ல ஒரு கிண்டில் வாங்கி குடுத்துட்டு போயிடலாமா.

குரூப்ஃபோர்_கனவு

அண்ணா நீங்க பாத்த அந்த ஆறாவது புக் கும்பல்ல நானும் ஒருத்தின்னு வச்சுக்கோங்க, ஊர்தான் வேற 😄

எங்க வீடு ஒரே ரூம். டிவி ஓடும், தம்பி கேம் ஆடுவான், நான் புக்கை திறந்தா போதும் உடனே எங்கம்மா "சும்மாதானே ஒக்காந்திருக்க, கடைக்கு போயி அரைக்கிலோ ரவை வாங்கிட்டு வா"ம்பாங்க. லைப்ரரி போறேன்னு சொன்னா மட்டும் யாரும் ஒன்னும் சொல்றதில்ல, எங்க போற யாரு கூட போறன்னு கேள்வியும் வராது. ஒரு பொண்ணு காலைல போயி சாயங்காலம் வரைக்கும் காசு செலவில்லாம உக்கார இன்னொரு எடம் எங்க ஊர்ல காட்டுங்க பாப்போம். கோயிலுக்கு போனாலும் அரைமணி நேரத்துல நாலு பேர் விசாரிச்சுருவாங்க.

மெட்டீரியல் எல்லாம் போன்லதான், பழைய கேள்வித்தாள் பிடிஎஃப், டெலிகிராம்ல டெஸ்ட். ஆனா அந்த போனை வச்சுட்டு வீட்ல படிக்க முடியாது, அதுதான் விஷயம். அங்க பத்து பேர் குனிஞ்சு படிக்கறப்ப நாம மட்டும் ரீல்ஸ் தள்ளிட்டு இருந்தா நமக்கே ஒரு மாதிரி ஆயிடும். மதியம் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கத்துல டிபன் பாக்ஸை தொறந்துட்டு ஆளுக்கு பத்து கேள்வி கேட்டுக்குவோம், கோச்சிங் சென்டருக்கு பதினஞ்சாயிரம் கட்ட வக்கில்லாதவங்களுக்கு அதான் கோச்சிங்.

அப்பறம் சொந்த புக் கொண்டு வந்து படிக்கறது ஒன்னும் திருட்டுத்தனம் இல்ல. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துலயே அதுக்குன்னு தனி பிரிவு இருக்கு.

ரேக்_எலி

தங்கச்சி சொல்றது சரிதான், வயித்தெரிச்சல்ல பேசறேன்னு நெனச்சுக்காதீங்க, ஆனா என்னை மாதிரி நாவல் எடுக்க வர்றவன் இப்ப அங்க விருந்தாளி மாதிரி ஆயிட்டான். ரேக்குக்கும் சேருக்கும் நடுவுல பூந்து போயி புக்கை உருவுறப்ப சத்தம் வந்தா பத்து பேர் நிமிந்து பாக்குறாங்க, ஏதோ நான் தொந்தரவு பண்ண வந்தவன் மாதிரி.

புக் பக்கமும் பெருசா சொல்றதுக்கில்ல. நான் போற எடத்துல மூணு பாக நாவல்னா ரெண்டாம் பாகம் இருக்காது, இதுல மட்டும் எப்படி இவ்வளவு ஒற்றுமைன்னு தெரியல. புது புக்கு வந்தா கட்டு பிரிக்காமலே மூலைல கெடக்கும். அதுக்கப்பறம் எல்லாரும் டெலிகிராம்ல பிடிஎஃப் தேடுறான்னா தேடத்தான் செய்வான், எழுதுனவனுக்கு அஞ்சு பைசா போகாது. லைப்ரரில வாங்குன புக்குன்னா அந்த ஒரு காப்பிக்காவது காசு போயிருக்கும்ல.

ஆனா ஒன்னு, ஆன்லைன்ல எல்லாம் இருக்குன்னு சொல்றவங்க பழைய பத்திரிகை எதையாவது தேடிப் பாருங்க அப்ப தெரியும். எங்க தாத்தா ஒரு பத்திரிகைல 1950கள்ல ஏதோ கதை எழுதுனார்னு வீட்ல பேச்சு, கூகிள்ல ஒரு எழுத்து கெடைக்கல. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல அந்த பத்திரிகையோட சில இதழ் ஸ்கேன் இருந்துச்சு, நல்ல விஷயம்தான், ஆனா வெறும் படமா இருக்கறதால உள்ள பேரை போட்டு தேட முடியல, ஒவ்வொரு பக்கமா தள்ளணும். அப்பறம் சென்னைல கன்னிமாரா நூலகத்துல ரெண்டு நாள், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துல ஒரு நாள். கடைசில கதைய கண்டுபிடிச்சேன், ஒன்றரை பக்கம், சுமாரான கதை. ஆனா தாத்தா பேரு அச்சுல பாத்தப்ப அங்கயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். அந்த வருஷத்து கட்டு எந்த பீரோல இருக்கும்னு வாயால சொன்னது அங்க வேலை பாக்கறவர்தான், எந்த தேடுபொறியும் சொல்லல.

கவுண்டர்ல_இருக்கேன்

நான் ஒரு கிளை நூலகத்துல நூலகர், ஊர் வேணாம். டெல்டா சார், ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு உள்ள போறப்ப வாசல்ல இருந்த வருகைப் பதிவேட்டுல கையெழுத்து போட்டீங்களா? போட்டிருக்க மாட்டீங்க. லேப்டாப்போட வர்றவங்க முக்கால்வாசி பேர் நேரா ப்ளக்கை தேடிதான் போறாங்க.

தயவுசெஞ்சு போடுங்க. இன்னொரு சேர், இன்னொரு ஃபேன், கக்கூஸ்ல தண்ணி, எது கேட்டு எழுதுனாலும் மேல இருந்து மொதல்ல வர்ற கேள்வி தினசரி எத்தனை பேர் வர்றாங்கன்னுதான். உங்க முப்பது பேர்ல பன்னெண்டு பேர் கையெழுத்து போட்டா எங்க கணக்குல பன்னெண்டு பேர்தான். அதே மாதிரி புக்கை அங்கயே படிச்சுட்டு வச்சுட்டு போனா எந்த சீட்லயும் முத்திரை விழாது. நீங்க பாத்த 2009ங்கறது கடைசியா வீட்டுக்கு போன தேதி, கடைசியா படிச்ச தேதி இல்ல. கட்டு பிரிக்காத புக்கு பத்தி கேட்டவருக்கு, புக்கு வந்தா பதிவேட்டுல ஏத்தி, நம்பர் போட்டு, முத்திரை குத்தி, சீட்டு ஒட்டிதான் ரேக்குக்கு போவும், அதெல்லாம் செய்யறது பேப்பர் அடுக்கி பெருக்கவும் செய்யற அதே ஒரு ஆள்.

அப்பறம் உங்க வீட்டு வரி ரசீதை எடுத்து பாருங்க, அதுல நூலக வரின்னு ஒன்னு போட்டிருக்கும், சொத்து வரில நூத்துக்கு பத்து ரூபா. 1948ல இங்க பொது நூலகச் சட்டம் போட்டப்பவே வந்த ஏற்பாடு, சுதந்திரத்துக்கு அப்பறம் இந்தியாவுல மொதல் நூலகச் சட்டம் அதுதான், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் வருஷக்கணக்கா அலைஞ்சு கொண்டு வந்தது. அதனால ஓசில உக்காந்துட்டோமேன்னு கூச்சப்படாதீங்க, நீங்க காசு கட்டிட்டுதான் உக்காந்திருக்கீங்க. வசதி இருந்தா ஆயிரம் ரூபா கட்டி புரவலரா சேருங்க, போர்டுல பேரு எழுதுவாங்க.

எதுக்கு வர்றாங்கன்னு கேட்டீங்களே. போன வாரம் ஒரு அம்மா, வயசு அறுபது இருக்கும், பேத்தியோட போனை எடுத்துட்டு வந்து "இதுல ஓடிபின்னு ஏதோ வருதாம், பென்ஷனுக்கு கேக்குறாங்க, பாத்து சொல்லுப்பா"ன்னாங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மான்னு சொல்லி புரிய வைக்கவே இருபது நிமிஷம் ஆச்சு. இந்த மாதிரி வாரத்துக்கு மூணு பேர். இதுக்கெல்லாம் பதிவேடு கெடையாது.

வெள்ளிக்கிழமை லீவு, மறந்துடாதீங்க.

உட்லண்ட்ஸ்_வாசி

சிங்கப்பூர்லருந்து. இங்க கதை வேற மாதிரி, ஆனா முடிவு கிட்டத்தட்ட ஒன்னுதான். தேசிய நூலக வாரியத்தோட ஆப்பை போன்ல வச்சுட்டா புக்கோட பார்கோடை நாமளே ஸ்கேன் பண்ணி எடுத்துட்டு வந்துரலாம், 21 நாள், திருப்பி எந்த கிளைல வேணா போடலாம். வீட்லருந்தே லிபின்னு ஒரு ஆப்புல மின்னூலும் எடுக்கலாம், தமிழும் இருக்கு.

இதுல பலருக்கு தெரியாத ஒரு கூத்து, மின்னூலுக்கும் க்யூ உண்டு. லைப்ரரி எத்தனை காப்பிக்கு உரிமம் வாங்கிருக்கோ ஒரே நேரத்துல அத்தனை பேர்தான் படிக்க முடியும், ஃபைலை காப்பி எடுத்து எல்லாருக்கும் குடுக்கற வேலையெல்லாம் பதிப்பாளர் விடமாட்டார். எங்க வீட்டம்மா ஒரு இங்கிலீஷ் நாவலுக்கு வாரக்கணக்குல காத்துட்டு கெடந்தாங்க, அதே புக்கு பக்கத்து கிளை ரேக்குல சும்மா இருந்துச்சு. தவணை தேதி வந்தா மின்னூல் தானா மறைஞ்சுரும், அபராதம் இல்ல, பாதி படிச்சிருந்தாலும் போச்சு.

இவ்வளவு இருந்தும் சனி ஞாயிறு நேர்ல போனா உக்கார எடம் கெடையாது, பரீட்சை நேரத்துல பசங்க கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே நிக்கும். உங்க பொண்ணு விஷயம், கிண்டில் இப்ப வேணாம். கிண்டில்ல நாம தேடுனதுதான் வரும். எம்பையன் டைனோசர் புக்கு எடுக்க போயி பக்கத்துல இருந்த பூச்சி புக்கை எடுத்துட்டு வந்தான், இப்ப வீடு பூரா எறும்பு ஆராய்ச்சி.

கொக்குவில்_பெடியன்

நான் யாழ்ப்பாணம். எங்கட ஆக்களிட்ட டிஜிட்டலா நூலகமாண்டு கேட்டா ரெண்டும்தான் எண்டு சொல்லுவம். 1981ல எங்கட பொது நூலகம் எரிஞ்சபோது ஏறக்குறைய 97,000 புத்தகம் போச்சுது, அதில ஓலைச்சுவடியளும் இருந்தது, வேற எங்கயும் பிரதி இல்லாததுகள். அதாலதான் 2005ல 'நூலகம்' எண்ட இணையத் திட்டம் தொடங்கி ஊர் மலர், பள்ளிக்கூட மலர், கல்வெட்டு எண்டு செத்தவீட்டில குடுக்கிற புத்தகம் வரைக்கும் ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கினம். வெளிநாட்டில இருக்கிற என்ர மாமா தன்ர அப்பான்ர கல்வெட்டை அதிலதான் எடுத்தவர்.

பிடிஎஃப் வந்திட்டுது, கட்டடம் எதுக்கு எண்டு கேக்கிறவை எங்கட பக்கம் வந்து கேட்டுப் பாருங்கோ.

ரேக்_எலி

கொக்குவில் தம்பி, இதுக்கு மேல நான் பேசல.

கவுண்டர் சார், கட்டு பிரிக்காத விஷயத்துல அவசரப்பட்டு பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க. ரெண்டாம் பாகம் விஷயத்துல மட்டும் பேசுனது பேசுனதுதான். டெல்டா சார், உங்க பக்கம்தானே, 1931ல மன்னார்குடி பக்கத்துல கனகசபைப் பிள்ளைன்னு ஒருத்தர் மாட்டு வண்டில புக்கை ஏத்தி ஊர் ஊரா அனுப்புனார். நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு மாட்டு வண்டில வீட்டுக்கே வந்தது, நீங்க ரெண்டு தெரு நடக்க இவ்வளவு யோசிக்கறீங்க 😂

டெல்டாக்காரன்

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல.

கவுண்டர் சார் கடைசில போட்ட வரிய படிக்காம வெள்ளிக்கிழமை பொண்ணை கூட்டிட்டு போயி பூட்டை பாத்துட்டு வந்தேன். ஐஸ்க்ரீம் வாங்கி குடுத்துதான் சமாதானம் பண்ண வேண்டியதாப் போச்சு. சனிக்கிழமை மறுபடி போனோம். பதிவேட்டுல நானும் போட்டேன், அவளும் போட்டா, இனிஷியல் பேரு வீட்டு நம்பர் தெரு பின்கோடு வரைக்கும் எழுதி ரெண்டு வரிய சாப்பிட்டுட்டா, பின்னாடி க்யூல அஞ்சு பேர், யாரும் ஒன்னும் சொல்லல. மெம்பர்ஷிப் ஃபாரம் குடுத்துருக்கேன், கார்டு வர ஒரு வாரம் ஆகுமாம்.

வீட்டு வரி ரசீதையும் எடுத்து பாத்தேன், நூலக வரி இருக்கு. இத்தனை வருஷமா கட்டிட்டு இருந்திருக்கேன், அது பாட்டுக்கு அங்க இருந்திருக்கு.

அந்த 2009 புக்கை தேடுனேன், எடத்துல இல்ல. யாரோ எடுத்துட்டு போயிட்டாங்க போல, இல்ல நான் எடத்தை மாத்தி வச்சுட்டு வந்துட்டேனான்னு தெரியல. கவுண்டர்ல இருந்தவங்ககிட்ட கேட்டதுக்கு "படிச்ச புக்கை ரேக்ல திருப்பி வைக்காதீங்க சார், டேபிள்லயே வைங்க, நாங்க வச்சுக்கறோம்"னு ஒரு மாதிரி பாத்துட்டு சொன்னாங்க.

குரூப்ஃபோர் தங்கச்சி, பத்தரைக்கு போனேன். ஃபேனுக்கு கீழ ஒரு சேர் கூட காலி இல்ல.