கரிசல் மானாவாரிச் சோளம்: மழைக்கு முன்னாடியே விதைக்கலாமா?

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் 1 ஏக்கர் கரிசல். புரட்டாசியிலேயே புழுதியில சோளம் விதைக்கணும். லேசான தூறல்ல முளைச்சுக் காய்ஞ்சிருமோ? விதையைக் கடினப்படுத்துறது (வறட்சியைத் தாங்குறதுக்காக ஊற வச்சு உலர்த்துறது) எப்படி?

பதில் 1: ஆழம்தான் எல்லாம் அண்ணாச்சி. மேலாக 2 செ.மீ.ல கிடந்தா ஒரு தூறலுக்கே முளைவிட்டு, அடுத்த வெயில்ல கருகிரும். 5 செ.மீ. ஆழத்துல இருந்தா, அதுவரைக்கும் ஈரம் இறங்குற நல்ல மழைக்குத்தான் முளைக்கும். கையால தூவாதீங்க, ஆழம் சீரா வராது. டிராக்டர் விதைப்புக் கருவியில விதைங்க. புரட்டாசி 10-லிருந்து 20-க்குள்ள முடிச்சிருங்க.

பதில் 2: ஏக்கருக்கு 6 கிலோ விதை. 2.1 லிட்டர் தண்ணியில 42 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைச்சு, 6 மணி நேரம் ஊற வையுங்க. பிறகு நிழல்ல உலர்த்தணும். பலரும் தப்பு பண்றது இங்கேதான்: அரைகுறையாக் காய்ஞ்ச விதை புழுதிச் சூட்டுல செத்துரும். திரும்ப எடை போட்டா பழைய 6 கிலோதான் வரணும். நகத்தால அழுத்தினா பதியக் கூடாது.

பதில் 3: மழை வரட்டும்னு விதைப்பைத் தள்ளிப் போட்டா குருத்து ஈ வந்து சேரும்; அதோட புழு இளஞ்செடியோட குருத்தைத் தின்னுரும். நடுக்குருத்து காய்ஞ்சு நிக்கும். இழுத்தா சுலபமாக் கையோட வரும், அடி அழுகி நாறும். நெருக்கமா முளைச்ச பயிரைக் கலைச்சு விடும்போதே அந்தச் செடிகளைப் பிடுங்கி அழிச்சிருங்க. இன்னொண்ணு: மழைத்தண்ணி ஓடிப் போகாம நிக்கணும்னா, உழவும் விதைப்பும் சரிவுக்குக் குறுக்கேதான்.