பாடநூல், பார்வை நூல், நாவல்: வாசகர்களின் அனுபவப் பகிர்வு

முதல் பகிர்வு

பாடநூலைத் தேர்வுக்கும், அகராதி, கலைக்களஞ்சியம் போன்ற பார்வை நூலை ஐயத்துக்கும், நாவலை ஓய்வுக்கும் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, இம்மூன்றையும் ஒன்றோடொன்று பேசவிடாமலேயே நம்மில் பலர் படித்துவருகிறோம். ஒரு நாவலின் ஒற்றைக் காட்சி என்னை இம்மூன்றுக்கும் இடையே அலைய வைத்ததை இங்கே எழுதுகிறேன்.

அது கடலோர வாழ்வைச் சொல்லும் நாவல். வளர்பிறை அரைநிலா நாளொன்றின் மாலையில் நீர் வழக்கத்தை மீறி ஏறி, மணல்மேட்டில் கட்டியிருந்த படகை இழுத்துச் சென்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் கதை முழுவதும் அந்தப் படகு போனதால் விளைவதுதான். அந்த இடம் நெருடியதால் கலைக்களஞ்சியத்தில் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, பற்றிய கட்டுரையைத் தேடிப் படித்தேன். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலவும் பூமியோடு ஒரே கோட்டில் அமைவதால் நீரேற்றம் மிகும் என்றும், அரைநிலா நாட்களில் இரண்டின் இழுப்பும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைவதால் ஏற்றம் மிகவும் குறைந்திருக்கும் என்றும் அது கூறியது. அத்துடன் நிறுத்தியிருந்தால், நாவலாசிரியர் வானத்தைப் பார்க்காமல் எழுதிவிட்டார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டு நகர்ந்திருப்பேன்.

ஆனால் கலைக்களஞ்சியம் என்ன நடக்கும் என்பதைச் சொன்னதே தவிர, நிலவின் பங்கு எவ்வளவு, சூரியனின் பங்கு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுக் காட்டவில்லை. அதற்கு இயற்பியல் பாடநூலை எடுக்க வேண்டியிருந்தது. ஓதத்தை எழுப்பும் விசை தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று அதில் படிப்படியாக நிறுவிவிட்டு, பயிற்சிப் பகுதியில் சூரியனையும் நிலவையும் ஒப்பிடச் சொல்லியிருந்தார்கள். சூரியனின் நிறை நிலவின் நிறையைப் போல ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் மடங்கு. அதன் தொலைவு நிலவின் தொலைவைப் போல ஏறத்தாழ 390 மடங்கு. 390-இன் மும்மடி (390 × 390 × 390) 5 கோடியே 90 லட்சத்தை ஒட்டி வருகிறது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.46 கிடைக்கிறது. அதாவது அவ்வளவு பெரிய சூரியனின் பங்கு, நிலவின் பங்கில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆயினும் அரைநிலா நாளில் நிலவு எழுப்பும் ஏற்றத்தைக் கணிசமாகக் குறைக்க அது போதும். தாளில் போட்டுப் பார்த்த பிறகே கலைக்களஞ்சியத்தின் அந்த ஒரு வாக்கியம் எனக்கு முழுதாக விளங்கியது.

மீண்டும் கலைக்களஞ்சியத்துக்குப் போனபோது, கட்டுரையின் அடியில் புயல்காலக் கடலேற்றம் பற்றிய வேறொரு கட்டுரையையும் பார்க்கச் சொல்லும் குறிப்பு கண்ணில் பட்டது. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும்போது கடல்மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும் என்பதும், ஆழமற்ற கரையை நோக்கி இடைவிடாமல் வீசும் பலத்த காற்று நீரை அங்கே குவித்துவிடும் என்பதும் அதில் இருந்தன. உடனே நாவலைப் பின்னோக்கிப் புரட்டினேன். படகு போவதற்கு வெகுமுன்பே, கடலிலிருந்து காற்று ஓயாமல் அடிப்பதாகவும், ஒரு முதியவர் வலைகளை உள்ளே எடுத்து வைப்பதாகவும் ஒரு பத்தி இருந்தது. முதல் வாசிப்பில் அது வெறும் வருணனையாகத் தோன்றியிருந்தது. ஆசிரியர் அரைநிலாவைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்திருக்கிறார்: ஓதம் குறைவாக இருக்கும் நாள் என்று நம்பித்தான் அந்தக் குடும்பம் படகை அங்கே கட்டியிருக்கிறது.

இரண்டாவது பகிர்வு

மேலே எழுதியவர் கட்டுரையின் அடிக்குறிப்பைப் பின்தொடர்ந்தது போல, பார்வை நூல்களின் முன்பக்கங்களையும் பின்பக்கங்களையும் வாசிப்பவர்கள் குறைவு என்பது என் எண்ணம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்த அகராதிக்குப் பின்னர் ஓர் இணைப்புத் தொகுதியும் சேர்ந்தது. அந்த இணைப்பை அறியாமல் ஆறு தொகுதிகளை மட்டும் புரட்டிவிட்டு, ஒரு சொல் அகராதியிலேயே இல்லை என்று அடித்துச் சொன்ன நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இன்றைய எழுத்து வழக்கைத் தெரிந்துகொள்ளவோ 1992-இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியே எனக்குப் பயன்படுகிறது. பழைய இலக்கியத்துக்கு முன்னதையும் நாளிதழுக்குப் பின்னதையும் எடுப்பதே முறை. ஒன்று இருக்க இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

அகராதி என்றால் சொல்லும் பொருளும் மட்டுமே என்ற எண்ணத்தை எனக்கு மாற்றியது வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதி. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவுகள் அதில் உள்ளன. சொல்லிலிருந்து பொருளுக்குப் போக ஒரு வழியும், பொருளிலிருந்து சொல்லுக்கு வர இன்னொரு வழியும் வைத்து, தொகுதிப் பெயர்களுக்கும் செய்யுள் யாப்போருக்கு உதவும் தொடைச் சொற்களுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியிருப்பதைப் பார்த்தபின், எந்தப் பார்வை நூலைத் திறந்தாலும் அதன் அமைப்பை முதலில் புரிந்துகொள்ளத் தொடங்கினேன்.

மூன்றாவது பகிர்வு

பாடநூல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பழைய நூல்கள் நிறைந்த அலமாரியொன்றில் கிடைத்த உயிரியல் பாடநூலில், மனித உயிரணுவில் 48 குரோமோசோம்கள் உள்ளன என்று ஐயத்துக்கு இடமில்லாத நடையில் அச்சிட்டிருந்தது. சரியான எண் 46 என்பதை டிஜியோ, லெவான் ஆகிய இருவரும் 1956-இல் வெளியிட்ட ஆய்வு நிறுவும்வரை, 48 என்பதே பல ஆண்டுகளாகப் பாடமாக இருந்தது. அந்த நூலை எழுதியவர் கவனக்குறைவானவர் அல்லர். தம் காலத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்ததையே எழுதினார். ஆனால் இப்போது அதைக் கையில் எடுக்கும் மாணவருக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்? ஆகவே உயிரியல், மருத்துவம், சட்டம், கணினி சார்ந்த பாடநூல்களில் தலைப்பைப் பார்ப்பதற்கு முன்பே பதிப்பாண்டைப் பார்க்கிறேன். வடிவியலுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. யூக்ளிடின் நூலை வைத்து இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாடம் நடத்த முடிந்திருக்கிறது.

பயிற்சிகளுக்கு விடை தராத பாடநூலைத் தனியாகப் படிப்பவர் தவிர்ப்பது நல்லது. ஆசிரியர் உடனிருக்கும் வகுப்புக்கு அது பொருந்தலாம். வீட்டில் தாமாகப் படிப்பவருக்கு, தாம் போட்டது சரியா என்று சொல்ல அந்தக் கடைசிப் பக்கங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

நான்காவது பகிர்வு

முதல் பகிர்வை ரசித்தேன். ஆனாலும் எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. நாவலை முதல்முறை வாசிக்கும்போது எழுந்துபோய்க் கலைக்களஞ்சியத்தைத் திறப்பதை நான் விரும்புவதில்லை. ஓட்டம் ஒருமுறை அறுந்தால் அந்த நாவல் தரும் பதைப்பு மறுநாள் திரும்புவதில்லை. படகு போன இடத்தில் நானாக இருந்தால் அடுத்த பக்கத்துக்குத்தான் போயிருப்பேன். சரிபார்ப்பதற்கு இரண்டாம் வாசிப்பு இருக்கிறது.

இரண்டாவது பகிர்வில் சொன்ன, முன்பக்கங்களை வாசிக்கும் விஷயமும் நாவலுக்கு நேர்மாறாகவே பொருந்தும். பழைய நாவல்களின் மறுபதிப்புகளில் ஆய்வாளர்கள் எழுதும் நீண்ட முன்னுரைகள், யார் இறந்தார், யார் யாரை மணந்தார் என்பதையெல்லாம் மூன்றாம் பக்கத்திலேயே சொல்லிவிடுகின்றன. அவற்றைப் பின்னுரையாக அச்சிடுமாறு பதிப்பாளர்களை யாராவது கேட்டுக்கொண்டால் நானும் கையெழுத்திடுவேன். அதுவரை நாவலின் முதல் அத்தியாயம் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று தேடிப் பிடித்து, நேராக அங்கிருந்தே படித்துக்கொண்டிருக்கிறேன்.